காதைத் தொட்டால் மட்டும்

காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஏடாகூடமாக ஏதாவது செய்தால் மிதிப்பதற்காக வைத்த பிரேக் அது. ஆனால் டிரைவிங் ஸ்கூல்காரர் அதைத் தப்பு நடந்த பிறகு மிதித்ததாகச் சரித்திரமே இல்லை. நடக்கப் போகிறது என்று தோன்றினாலே போதும், கால் தானாக இறங்கிவிடும். தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தால் ஒரு மிதி. ஓரமாகப் படுத்திருந்த நாய் வாலை ஆட்டினால் இன்னொரு மிதி. அவரிடம் படித்து லைசென்ஸ் வாங்கிய ஒரு அம்மாள், தெருமுனை வந்தால் வண்டி தானாகவே நிற்கும் என்று நம்பி, சொந்தக் காரைப் பால் பூத்துக்குள் விட்டுவிட்டதாகக் கேள்வி.

காலுக்கு இருந்த இந்த வியாதி வாய்க்கும் இருந்தது. எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் இவர்தான் முடித்து வைப்பார். ஆஸ்பத்திரியில் டாக்டர் மகளைப் பார்த்து "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்பார். "இடது பக்கம் டாக்டர்" என்று பதில் வரும். பதில் சொன்னவர் அப்பா. மகள் பாவம், வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முந்திரிக்கொட்டை என்று மனைவி அவருக்குப் பெயர் வைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு நாடகத்துக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலையைத் தானாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். வேண்டாத வேலை என்று இப்போது யாரும் சொல்லலாம். ஆனால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. காரணம் மகள்.

ஒரே மகள், பதினைந்து வயது. சிறுவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் நடிப்பு சொல்லிக் கொடுக்கும் வகுப்பு ஒன்றுக்கு வார விடுமுறைகளில் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் கேட்டால்தான் பேசுவாள். அங்கே போனால் கிழவியாவாள், போலீஸ்காரியாவாள், முட்டையிடப் போகிற கோழியாவாள். போன வருட ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்கு ஒரு பெரிய வேடம் கிடைத்தது. மழையில் நனைந்தபடி வந்து ஒரு வீட்டின் கதவைத் தட்டி, திறக்கச் சொல்ல வேண்டும். வந்தாள், தட்டினாள். அட்டைக் கதவு ஆடியது. ஒலிபெருக்கியில் மழை கொட்டியது. வசனம் மட்டும் வரவில்லை.

கதவுக்குப் பின்னால் நின்ற பையன் அவள் சொன்னால்தானே திறப்பான்? அவனும் நின்றான், அவளும் நின்றாள். அரங்கம் முழுக்க வாய் மூடிப் பார்த்தது. முன்வரிசையில் ஒரு சின்னக் குழந்தை, "அக்கா ஏன் பேச மாட்டேங்குறாங்க?" என்று கேட்டது. சிலர் சிரித்தார்கள். கடைசியில் திரையைத்தான் இறக்கினார்கள். மழைச் சத்தத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. மூடிய திரைக்குப் பின்னால் அது பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடி வலது காலால் தரையை அழுத்து அழுத்து என்று அழுத்தியதில் மறுநாள் கெண்டைக்கால் வீங்கிவிட்டது.

அதன் பிறகு மகள் சுருண்டு போனாள். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று சும்மா இருக்கிறாள் என்று புகார் வந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பாட்டுத் தட்டையும் உள்ளேயே கொண்டு போனாள். பெற்றவர்கள் வெளியே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்ட நாட்கள் அவை. நல்லவேளையாக, யாரும் எதுவும் சொல்லாமலே ஒரு சனிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு "கிளாஸுக்குப் போயிட்டு வரேன்" என்றாள். மனைவி அடுப்படிக்குள் போய் அழுதாள். அவருக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. ஒரு தடவை விழுந்ததற்கே இந்தப் பாடு. இன்னொரு தடவை மேடையில் அப்படி நின்றால் பிள்ளை எழுந்திருக்கவே மாட்டாள் என்று அவர் மனதுக்குள் எழுதி ஒட்டிவிட்டார்.

அதனால்தான் இந்த வருடம் நாடக டீச்சரைப் போய்ப் பார்த்தார். வகுப்பு நடந்தது ஒரு தரைவிரிப்புக் கடையின் மாடியில். படியேறும்போதே புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறும். மேலே நீளமான ஒரு அறை. தரையில் வெள்ளை டேப் ஒட்டி மேடையின் எல்லையைக் காட்டியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லாத பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பிடிக்கத் தவறியதற்கு மற்றவர்கள் அவளைத் திட்டிக்கொண்டும் இருந்தார்கள்.

"போன வருஷம் வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமத்தானே டீச்சர் அப்படி ஆச்சு? இந்த வருஷம் நான் உக்காரறேன்" என்றார்.

நாடக டீச்சர் ஒல்லியான பெண்மணி. தொண்டை மட்டும் பெரியது. எதிரே நிற்பவரிடம் பேசினாலும் அறையின் கடைசிச் சுவருக்குக் கேட்கும். பிள்ளைகளுக்கும் முதல் பாடமே அதுதான், "கடைசிச் சுவருக்குப் பேசு." டீச்சர் கொஞ்சம் யோசித்தார். ஆள் கிடைக்காத வேலை என்பதால் ஒப்புக்கொண்டார்.

"ஆனா ஒரு சட்டம் இருக்கு சார். வசனம் மறந்துபோன பிள்ளை காதைத் தொடும். சும்மா சொறியற மாதிரி. பாக்கறவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தொட்டா முதல் வார்த்தைய மட்டும் எடுத்துக் கொடுங்க. தொடலைன்னா, இடியே விழுந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது."

"தொடறதுக்கும் மறந்துட்டா?"

"மறக்காது."

"இல்ல, ஒருவேளை..."

"சார், அந்த ஒருவேளைய நான் பாத்துக்கறேன்" என்றார் டீச்சர்.

மகளுக்கு இந்த ஏற்பாடு தெரிந்தது. காலணியின் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வகுப்பில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் அங்கிள். மகள்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. டேப் கோட்டுக்கு வெளியே ஒரு மடக்கு நாற்காலியில், மடியில் வசனத் தாள்களோடு, பிள்ளைகளின் காதுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இத்தனை காதுகளை வாழ்க்கையில் அவர் பார்த்ததில்லை. சில நாள் காரில் பாடம் எடுக்கும்போதும் ஓட்டுகிறவரின் காதிலேயே கண் நின்றுவிடும்.

இந்த வருட நாடகத்தைப் பிள்ளைகளே பேசிப் பேசி உருவாக்கியிருந்தார்கள். ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போகிறது. அவ்வளவுதான் கதை. சாமான்களைக் கட்டுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை சாவி கேட்டு வருகிறது. கடைசியில் அப்பா எல்லாரையும் பார்த்து "கிளம்பலாமா?" என்கிறார். மூத்த மகள் பையை மாட்டிக்கொண்டு பேசாமல் நிற்கிறாள். பிறகு, "நான் வரலப்பா" என்கிறாள். அப்பா, "யாரைக் கேட்டு முடிவு பண்ண?" என்று கத்துகிறார். அங்கிருந்து நாடகம் முடிவுக்குப் போகிறது.

மூத்த மகள் வேடம் அவர் மகளுக்கு. அப்பா வேடம், அவளைவிட அரை முழம் குள்ளமான ஒரு பையனுக்கு. குரல் உடைகிற வயது. பாதி வசனம் அப்பா மாதிரியும் மீதி கீச்சென்றும் வரும். ஒட்டு மீசையை வீட்டுக்குக் கொண்டு போய் அதோடுதான் தூங்கினான் என்பதால் எல்லாரும் அவனை மீசை என்றே கூப்பிட்டார்கள்.

டிரைவிங் ஸ்கூல்காரருக்கு அந்த "நான் வரலப்பா" கட்டோடு பிடிக்கவில்லை. இதைப் போய் எந்தப் பிள்ளை யோசித்தது என்று விசாரித்தார். அவர் மகள்தான் என்று தெரிந்ததும் விசாரணையை அதோடு நிறுத்திக்கொண்டார்.

சிக்கல் அந்த வசனத்தில் இல்லை, அதற்கு முன்னால் வரும் மௌனத்தில் இருந்தது. முதல் ஒத்திகையில் மீசை "கிளம்பலாமா?" என்று கேட்டதும் மகள் சும்மா நின்றாள். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. அவருக்குக் கண்ணை இருட்டியது. அட்டைக் கதவும் மழையும் நெஞ்சுக்குள் வந்து நின்றன.

"நான் வரலப்பா!" என்றார் நாற்காலியிலிருந்து.

அறையே சிரித்தது. "அங்கிள், நீங்க வரலைன்னா யார் வண்டி ஓட்டறது?" என்றான் மீசை. மகள் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோய்த் தரையில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தாள்.

டீச்சர் அவரை மாடிப்படிக்கு அழைத்துக்கொண்டு போனார். "அவ காதைத் தொட்டாளா?"

"தொடல. ஆனா மறந்துட்டா டீச்சர். எனக்குத் தெரியும். எம் பொண்ணு."

"மறக்கல சார். அந்தப் பொண்ணு யோசிக்குது. அப்பாகிட்ட வரமாட்டேன்னு சொல்றது சும்மாவா? அதச் சொல்றதுக்கு முன்னாடி அவ மனசுக்குள்ள என்னென்னவோ ஓடுது. அது ஓடற வரைக்கும் நாம காத்திருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"அது அவளுக்குத்தான் தெரியும்."

இதைவிட மோசமான பதிலை டீச்சர் சொல்லியிருக்க முடியாது. சிவப்பு விளக்குக்குக்கூட ஒரு கணக்கு உண்டே என்று அவர் நினைத்துக்கொண்டார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். அடுத்த ஒத்திகையிலும் வாயைத் திறந்தார். அதற்கடுத்ததில் வாயைக் கையால் பொத்திக்கொண்டதால் "ந்" மட்டும் வெளியே வந்தது.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மகள் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். வழக்கமாக முன்னால்தான் உட்காருவாள்.

"அப்பா, ஒண்ணு சொல்றேன். கேளுங்க. நடுவுல பேசாதீங்க."

"சொல்லு, டீச்சர் என்ன..."

"அப்பா!"

அவர் வாயை மூடினார்.

"நான் காதைத் தொடாம நீங்க வாயத் திறந்தீங்கன்னா, இறங்கிப் போயிடுவேன். விழாவா இருந்தாலும் சரி. அப்புறம் எங்கயும் நடிக்க மாட்டேன். நிஜமாத்தான் சொல்றேன்."

குரல் உயரவேயில்லை. அதுதான் அவரை உலுக்கியது. "சரிம்மா. சத்தியமா" என்றார். சொன்ன கையோடு, சத்தியத்தைக் காப்பாற்றி, அவளுக்கு உண்மையிலேயே மறந்துபோய், காதைத் தொடவும் தோன்றாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கவலை ஒட்டிக்கொண்டது. பேசினாலும் அவள் போய்விடுவாள். பேசாவிட்டாலும் போய்விடலாம். இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிற ரோட்டில் மற்றவர்களுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தவருக்கு, தானே ஓட்ட வேண்டிவந்ததும் எந்தப் பக்கம் ஒடிப்பது என்று தெரியவில்லை.

விழாவுக்கு முந்தைய வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லை. மனைவி, "நடிக்கப் போறது நீங்களா அவளா?" என்று கேட்டாள். ஒருநாள் காலையில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் மகள் குரல் கேட்டது. மீசையின் வசனத்தையும் அவளே சொல்லிக்கொண்டாள். "கிளம்பலாமா?" பிறகு ஒன்றும் இல்லை. அவர் துண்டோடு வெளியே நின்றார். காதைக் கதவில் வைத்தார். அடுத்த வசனம் வரும் வரும் என்று பார்த்தார். வரவில்லை. குழாய் திறக்கும் சத்தம்தான் வந்தது. தனியாக இருக்கும்போதே வரவில்லை என்றால் அத்தனை பேர் முன்னால் எப்படி வரும்? இதை மனைவியிடம் சொல்லப் போய், "கதவுல காத வச்சுக் கேக்கறீங்களா? வெக்கமா இல்ல?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

விழா நாள் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்து அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மகள் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் கையைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. "தைரியமா..." என்று ஆரம்பித்து, அவள் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார்.

திரையின் ஓரத்தில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். தாள்களில் வெளிச்சம் விழுவதற்கு ஒரு சின்ன விளக்கு. அங்கிருந்து பார்த்தால் மேடை பக்கவாட்டில் தெரியும். இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களில் முதல் இரண்டு வரிசைகள் தெரியும். மீசை, ஒட்டிய பசை காயாததால், மேலுதட்டைப் பிடித்துக்கொண்டு நடமாடினான். டீச்சர் எதிர்ப்பக்கத்துத் திரையோரத்தில் நின்று ஒரு விரலைக் காதில் தொட்டுக் காட்டினார். ஞாபகம் இருக்கட்டும் என்று அர்த்தம். அவரும் தலையசைத்தார். கால் அதற்குள்ளேயே தரையை அழுத்த ஆரம்பித்திருந்தது.

நாடகம் நன்றாகத்தான் போனது. சாமான் கட்டுகிற இடத்தில் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக வந்த சிறுமி பேச வந்ததை மறந்து காதைச் சொறிந்தாள். "சாவி" என்றார் அவர், மெதுவாக, அளவாக. அவள் கப்பென்று பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து டீச்சர் கட்டைவிரலை உயர்த்தினார். அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. இவ்வளவுதானே, இதற்குப் போய் ஏன் இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தோம் என்றுகூடத் தோன்றியது.

மீசை எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தான். "கிளம்பலாமா?"

மகள் தோளில் பையோடு நடுமேடையில் நின்றாள். பேசவில்லை.

அவர் அவள் காதைப் பார்த்தார். கை கீழேதான் இருந்தது. யோசிக்கிறாள், யோசிக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அரங்கம் அடங்கியது. யாரோ இருமினார்கள். அவளுடைய தொண்டை ஏறி இறங்கியதை அவர் பார்த்தார். ஒத்திகையில் இவ்வளவு நேரம் ஆனதில்லை என்று தோன்றியது. ஆகியிருக்குமோ? ஞாபகம் வரவில்லை. எதிரே டீச்சரின் முகத்தைத் தேடினார். டீச்சரும் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்திலும் கவலை இருக்கிற மாதிரி இருந்தது. இன்னும் அவள் பேசவில்லை.

முதல் வரிசையில் ஒரு குழந்தை அம்மாவிடம் கேட்டது. "அக்கா ஏன் பேசாம நிக்கறாங்க?"

அந்த நிமிடத்தில் மகளின் கை மெல்ல மேலே எழுந்தது. இடுப்பைத் தாண்டியது. நெஞ்சைத் தாண்டியது. காதுக்குத்தான் போகிறது. அவருக்குச் சந்தேகமே இல்லை. அது போய்ச் சேரும்வரை காத்திருக்க அவரால் முடியவில்லை. வாய் திறந்துவிட்டது.

"கதவத் திறங்க! மழையில நனைஞ்சுட்டே நிக்கறேன்!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இந்த நாடகத்தில் கதவும் இல்லை, மழையும் இல்லை. அது போன வருடத்து வசனம். அன்று அவள் வாயிலிருந்து வராமல் போனது. முகச்சவரம் செய்யும்போதும், சிக்னலில் நிற்கும்போதும், படுக்கையில் புரளும்போதும் அன்றைக்கு மட்டும் இதை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் இருந்திருந்தால் என்று அவர் ஓயாமல் சொல்லிப் பார்த்த வசனம். ஒரு வருடமாகத் தொண்டையில் நின்றது இன்று வெளியே வந்துவிட்டது. அதுவும் டீச்சரின் வகுப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகிய குரலில், கடைசிச் சுவர்வரை.

மகளின் கை காதுக்குப் போகவில்லை. தோளில் நின்றது. பையின் பட்டையைப் பிடித்து மெதுவாக இறக்கியது. பை தரைக்கு வந்தது. வரமாட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் பையை இறக்கி வைக்க வேண்டும் என்று அவள் புதிதாக யோசித்து வைத்திருக்கிறாள். அவளுக்கு எதுவும் மறக்கவில்லை.

அவருக்கு உடம்பு முழுக்க வியர்த்தது. போச்சு. எல்லாம் போச்சு. இறங்கிப் போகப் போகிறாள். மீசை வாயைப் பிளந்துகொண்டு திரையோரத்தைப் பார்த்தான். கூட்டத்தில் தலைகள் அசைந்தன. எங்கிருந்து வந்தது இந்தக் குரல், யார் இந்த மழையில் நனைகிறவர் என்று அவர்களுக்கும் புரியவில்லை.

மகள் திரும்பினாள். மீசையின் பக்கம் திரும்பவில்லை, இருட்டாக இருந்த திரையோரத்துக்குத் திரும்பினாள். மேடை வெளிச்சத்தில் நிற்கிறவளுக்கு அவர் முகம் தெரிந்திருக்காது. அவர் இருக்கும் இடம் தெரியும்.

"மழ போன வருஷமே விட்டுடுச்சுப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. தூக்கத்தில் உளறுகிற பிள்ளையிடம் ஒன்றுமில்லை தூங்கு என்று சொல்வது மாதிரி சொன்னாள். பிறகு மீசையின் பக்கம் நடந்து போய் நின்றாள்.

"நான் வரலப்பா."

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இதுவும் நாடகத்தில் உள்ளதுதான், வீட்டுக்குள்ளேயிருந்து ஏதோ பழைய நினைவு பேசுகிறது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னமாய் யோசிக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் எண்ணிக்கொண்டார்கள். எதிர்ப்பக்கத்தில் டீச்சர் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

இப்போது மீசை பேச வேண்டும். மீசை பேசவில்லை. எங்கேயும் இல்லாத மழையில் அவன் வசனம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவன் இடது காதைத் தொட்டான். பதில் வராததால் வலது காதையும் தொட்டான். பிறகு இரண்டையும் பிடித்துக்கொண்டு, தோப்புக்கரணம் போடப் போகிறவனைப் போல் நின்றான்.

டிரைவிங் ஸ்கூல்காரருக்கு அந்த வசனம் தெரியும். தலைகீழாகத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. தாள்கள் மடியிலிருந்து சரிந்து தரையில் பரவிக் கிடந்தன. குனிந்து எடுக்கலாம் என்றால் கண்ணில் தண்ணீர் நின்று எழுத்து எதுவும் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க யார் யார் பேச்சையோ முடித்து வைத்தவர், ஒரு பிள்ளை காதைப் பிடித்துக் கேட்டும் ஒரு வார்த்தை கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

மகள் மீசையைப் பார்த்தாள். அவன் காதுகளையும் பார்த்தாள்.

"தெரியும்ப்பா. யாரைக் கேட்டு முடிவு பண்ணேன்னுதானே கேக்கப் போறீங்க?"

மீசைக்கு உயிர் வந்தது. "ஆமா! யாரைக் கேட்டு முடிவு பண்ண?" என்று கத்தினான். 'முடிவு' அப்பா குரலிலும் 'பண்ண' கீச்சென்றும் வந்தது. கூட்டம் சிரித்தது, கைதட்டியது. நாடகம் நகர்ந்தது. கடைசிவரை வேறு யாரும் காதைத் தொடவில்லை. தொட்டிருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது.

திரை விழுந்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டும் கட்டிப் பிடித்துக்கொண்டும் ஓடினார்கள். அவர் அதே நாற்காலியில் இருந்தார். டீச்சர் வந்து தரையில் கிடந்த தாள்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "அடுத்த வருஷம் நீங்க டிக்கெட் கிழிக்கற எடத்துல உக்காருங்க சார்" என்றார். சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை. மனைவி மேடைப் படியில் ஏறி வந்தாள். அந்தக் குரல் யாருடையது என்று அரங்கத்திலேயே தெரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான். பின்னாலேயே மகள் வந்தாள். முகத்தில் பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது.

அவர் எழுந்து நின்றார். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. சத்தியத்தை மீறிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். கை காதுக்குப் போகிறதென்று நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். "நான்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "உங்கப்பா என்ன சொல்ல வர்றார்னா..."

"நீ இரும்மா. அப்பாவே சொல்லட்டும்" என்றாள் மகள்.

அவள் காத்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை, தலையாட்டவில்லை, பாதி வார்த்தையை எடுத்து நீட்டவில்லை. அவருக்காக யாரும் இப்படிக் காத்து நின்றதில்லை. அவருக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. பின்னால் யாரோ நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தம் கேட்டது.

"பயந்துட்டேம்மா" என்றார் கடைசியில். "போன வருஷத்துலேருந்து பயந்துக்கிட்டேதான் இருக்கேன்."

"தெரியும்ப்பா" என்றாள் மகள். "நீங்க பயந்ததாலதான் எனக்கும் பயமா இருந்துச்சு."

கையால் கழுத்தைத் துடைத்துப் பார்த்து, விரலில் ஒட்டிய பவுடரைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டாள்.

"பசிக்குது. அந்த பிஸ்கட் இருக்கா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நொறுங்கிப் போயிருந்தது. அவள் பாக்கெட்டைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டே முகம் கழுவப் போனாள். சீக்கிரம் வா என்று சொல்ல வந்தவர், சொல்லாமல் நின்றார்.